இணையத் தன்பாலீர்ப்புத் தொடர்கதைகள்: அடுத்தவருக்கு எப்படிப் பரிந்துரைப்பது?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் பாரதத் திருவிழா வந்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று பதினெட்டு நாள் கதை ஓடும். பாதியில் வெளியூரிலிருந்து வந்து சேரும் ஒருவர் பாயை விரிப்பதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவரிடம், "கதை எதுவரைக்கும் வந்திருக்குதுங்க?" என்று கேட்பார். அவரும் முழுப் பாரதத்தை ஒப்பிக்க மாட்டார். "துகிலுரிதல் முடிஞ்சுது, இன்னிக்கு அர்ச்சுனன் தபசு, படுகளத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு" என்பார். முடிந்தது எது, இன்று நடப்பது எது, மீதி எவ்வளவு. வந்தவர் உட்கார்ந்து பார்க்க அது போதும்.

இணையத்தில் வாரம் ஓர் அத்தியாயமாக வரும் தன்பாலீர்ப்புத் தொடர்கதையை இன்னொருவருக்குச் சொல்வதும் இதே வேலைதான். பாரதத்தின் முடிவு எல்லாருக்கும் தெரியும். இணையத் தொடரின் முடிவோ பல நேரம் எழுதுகிறவருக்கே தெரியாது. அது எழுதப்படுமா என்பதும் உறுதியில்லை. ஆகவே இங்கே பரிந்துரையில் பாராட்டைவிடத் தகவல் முக்கியம். "சூப்பர் கதை, கண்டிப்பா படிங்க" என்ற வரியை நம்பி ஒருவர் பத்து மணி நேரம் படித்து, கதை பாதியில் நின்றுபோனதைக் கண்டால், அடுத்த முறை நம் சொல்லை அவர் கேட்க மாட்டார்.

எந்தக் கதைகளைப் பற்றிப் பேசுகிறோம்

ஆணும் ஆணும் காதலிப்பதை நடுவில் வைத்து, பகுதி பகுதியாக இணையத்தில் வெளியாகும் புனைகதைகளைப் பற்றி. தொடர்கதை தமிழருக்குப் புதிதல்ல. வார இதழில் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைத்த வீடுகள் இந்தப் பக்கமும் நிறைய உண்டு. அந்த இதழ்களில் ஆசிரியர் குழு இருந்தது, வெளியீட்டு நாள் தவறாது, கதை முடிவை எட்டும். இணையத்தில் அந்த மூன்றுக்கும் உத்தரவாதம் இல்லை. எழுதுகிறவர் பெரும்பாலும் புனைபெயரில், வேலை முடிந்த இரவுகளில், ஊதியமின்றி எழுதுகிறார். தேர்வு, இடமாற்றம், வீட்டுச் சிக்கல், மனச்சோர்வு என எதுவும் கதையை நிறுத்திவிடலாம்.

வெளியாகும் இடங்களில் மூன்றைத் தெரிந்துகொண்டால் தொடக்கத்துக்குப் போதும். வாட்பேட் 2006-இல் கனடாவில் தொடங்கியது. பல மொழிகளில் சொந்தக் கதைகள் கிடைக்கும், தமிழும் உண்டு. பெங்களூரிலிருந்து இயங்கும் பிரதிலிபி இந்திய மொழிகளுக்கானது. தமிழ்த் தொடர்கள் ஏராளம். ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன், சுருக்கமாக ஏஓ3, லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று 2009-இல் பொதுவுக்குத் திறந்த தளம். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே உள்ள கதை, திரைப்பட மாந்தர்களை வைத்து ரசிகர்கள் எழுதுபவை, ஆங்கிலமே அதிகம். அந்தத் தளத்துக்கு 2019-இல் அறிவியல் புனைவுகளுக்கான ஹியூகோ விருது கிடைத்தது.

பிஎல் (பாய்ஸ் லவ்) என்ற சொல்லும் அடிக்கடி கண்ணில் படும். ஜப்பானில் 1970-களில் பெண் படக்கதை ஓவியர்கள் பெண் வாசகர்களுக்காக உருவாக்கிய ஆண்-ஆண் காதல் கதை மரபின் இன்றைய பெயர் அது. தாய்லாந்துத் தொடர்கள் வழியாக நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. பிஎல் கதைகளில் காதலின் ஏக்கமும் அழகும் முன்னால் நிற்கும். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், வாடகை வீடு கிடைக்குமா போன்றவை பின்னால் போய்விடலாம். தன்பாலீர்ப்புள்ள ஆண்களே தம் வாழ்க்கையிலிருந்து எழுதும் கதைகளில் அந்தக் கேள்விகள்தான் கதையாகவே இருக்கும். இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதம் வேண்டியதில்லை. ஒன்றை எதிர்பார்த்து வந்தவர் கையில் மற்றதைக் கொடுத்தால் இரண்டு கதைகளுக்கும் அநியாயம். எனவே பரிந்துரையின் முதல் வரியிலேயே எந்த வகை என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் கதையின் நிலை

பரிந்துரையில் மிக முக்கியமான தகவல் இதுதான். புதியவர்கள் அதிகம் விட்டுவிடுவதும் இதுதான். ஒரு தொடர் முடிந்திருக்கலாம், ஓடிக்கொண்டிருக்கலாம், இடைவெளியில் இருக்கலாம், கைவிடப்பட்டிருக்கலாம். கடைசி இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிவது கடினம். அதனால் "நின்றுவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லாமல், கடைசி அத்தியாயம் வெளியான மாதத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். படிப்பவரே முடிவு செய்துகொள்வார்.

ஏஓ3-இல் இதைப் பார்ப்பது எளிது. கதையின் விவரங்களில் அத்தியாயக் கணக்கு 12/30 என்று இருந்தால், முப்பதில் பன்னிரண்டு வந்திருக்கிறது. 12/? என்றால் மொத்தம் எத்தனை என்று எழுதுபவர் சொல்லவில்லை. 30/30 என்றால் முடிந்தது. நடுவில் இருக்கும் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். முப்பது என்று திட்டமிட்டது நாற்பத்தைந்தாக நீளுவது வழக்கம். வாட்பேடில் முடிந்தது, தொடர்கிறது என்ற குறியை எழுதுபவரே போட வேண்டும். சிலர் முதல் பாகம் முடிந்ததும் "முடிந்தது" என்று போட்டுவிட்டு, கதையின் உண்மையான முடிச்சை இரண்டாம் பாகத்தில் அவிழ்ப்பார்கள். கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பத்தியை ஒருமுறை பார்த்துவிட்டு நிலையைக் குறிப்பது நல்லது.

இன்னொரு சிக்கல், முழுக் கதையும் இருந்த இடத்தில் திடீரென முதல் சில அத்தியாயங்கள் மட்டும் மிஞ்சியிருப்பது. தளத்தைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதியவர் கதையை அமேசான் கிண்டிலில் விற்பனைக்கு வைத்து, சந்தா வாசகர்களும் படிக்கும் திட்டத்தில் சேர்த்தால், அந்த மின்னூல் வேறு எங்கும் முழுமையாக இருக்கக் கூடாது என்பது அத்திட்டத்தின் நிபந்தனை. மாதிரிக்குச் சிறு பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே பரிந்துரையில் "இலவசம்" என்று எழுதினால், என்று பார்த்தபோது இலவசம் என்ற தேதியும் கூடவே வர வேண்டும். சில தளங்களில் முன்பகுதி இலவசம், பின்பகுதி காசு அல்லது சந்தா. பூட்டு எந்த அத்தியாயத்தில் விழுகிறது என்று சொல்லிவிடுங்கள். காதல் சொல்லப்போகும் இடத்தில் காசு கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான்.

நீளம், நேரம்

"பெரிய கதை" என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவு. கணக்காகச் சொல்லலாம். அத்தியாயத்துக்குச் சராசரி எத்தனை சொல் என்று ஒன்றிரண்டை எண்ணிப் பார்த்து, அத்தியாய எண்ணிக்கையால் பெருக்குங்கள். உங்கள் வாசிப்பு வேகத்தை அறிய ஓர் அத்தியாயத்தை நேரம் வைத்துப் படியுங்கள். நிமிடத்துக்கு 150 சொல் என்று வைத்தால், 1,800 சொல் கொண்ட அத்தியாயம் 12 நிமிடம். அப்படி 34 அத்தியாயம் என்றால் 408 நிமிடம், ஏறக்குறைய ஏழு மணி நேரம். தருமபுரியிலிருந்து பெங்களூருக்குப் பேருந்தில் போய்த் திரும்பும் நேரம் அது. வாரக் கடைசியில் ஊருக்கு வந்து போகும் ஒருவரிடம் இப்படிச் சொன்னால் உடனே புரிந்துவிடும். தொப்பூர்க் கணவாயிலும் அஞ்செட்டி வனப்பகுதியிலும் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால், கதையைத் தளத்திலேயே பதிவிறக்கிப் படிக்க முடியுமா என்பதும் நம் பக்கத்தில் பயனுள்ள தகவல். ஏஓ3 ஒவ்வொரு கதையையும் ஈபப், பிடிஎஃப் வடிவங்களில் இறக்கிக்கொள்ள அனுமதிக்கிறது.

ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் பள்ளியில் தெலுங்கிலோ கன்னடத்திலோ உருதுவிலோ படித்ததால் தமிழை வேகமாக வாசிக்க வராது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கைபேசியில் எழுத்தை வாசித்துக்காட்டும் வசதி அவர்களுக்கு உதவும். கதை ஒருங்குறியில் (யூனிகோட்), தமிழ் எழுத்தில் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிய கதையை அந்தக் குரல் சிதைத்துவிடும். படமாக ஏற்றிய பக்கத்தை வாசிக்கவே வாசிக்காது. கதை எந்த எழுத்தில் இருக்கிறது என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

உள்ளே என்ன இருக்கிறது

பாலுறவுக் காட்சி உண்டா, எவ்வளவு வெளிப்படையாக என்பதைக் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும். "கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. முத்தத்தோடு நிற்கிறதா, கதவு மூடியதும் காட்சி முடிகிறதா, முழுமையாக விவரிக்கப்படுகிறதா என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள். எதுவும் இழிவல்ல. வெளிப்படையானதைத் தேடுபவருக்கும் ஒதுங்க நினைப்பவருக்கும் ஒரே வரி உதவுகிறது.

எச்சரிக்கைகளில் பலரும் தவறாகப் படிக்கும் இடம் ஒன்று உண்டு. ஏஓ3-இல் "எச்சரிக்கைகள் எதுவும் பொருந்தாது" என்பதும் "எச்சரிக்கை தர விரும்பவில்லை" என்பதும் வேறு வேறு. முன்னதில், தளம் பட்டியலிட்டுள்ள கொடும் வன்முறை, முக்கிய மாந்தரின் சாவு, வன்புணர்வு போன்றவை கதையில் இல்லை. பின்னதில், அவை எல்லாமே இருக்கலாம். எழுதியவர் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றென நினைத்து "பயமில்லாம படிங்க" என்று சொல்லி, கதாநாயகன் சாகும் கதையைக் கையில் கொடுத்துவிடுபவர்கள் உண்டு.

தமிழ்க் கதைகளுக்குத் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியல் போதாது. நம் கதைகளில் அடிக்கடி வருபவை கட்டாயத் திருமணம், அண்ணன் தம்பிகளின் அடி, சாமியாரிடமோ மருத்துவரிடமோ "மாற்றிவிட" இழுத்துச் செல்வது, தற்கொலை முயற்சி, சாதி வன்முறை. இவற்றுக்குத் தனிக்குறி எந்தத் தளத்திலும் சரியாக இல்லை. பரிந்துரைப்பவர்தான் எழுத வேண்டும், எந்த அத்தியாயம் என்ற எண்ணோடு. எண் இருந்தால் அந்தப் பகுதியைத் தாண்டிப் படிக்க விரும்புபவர் தாண்டிவிடலாம். "மாற்றும் சிகிச்சை" பலித்ததாகக் கதை காட்டினால் அதையும் நேராகச் சொல்லுங்கள். அப்படி மாற்ற முயலும் சிகிச்சைகளுக்குத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டது. இதை அறியாமல் கதையை நம்பும் ஓர் இளைஞருக்கு அது வெறும் கதை அல்ல. தற்கொலை வரும் கதையானால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணையும் கீழே எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

முடிவைச் சொல்லலாமா? நடந்ததைச் சொல்லக் கூடாது, முடிவின் வகையைச் சொல்லலாம். இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள், இப்போதைக்குச் சேர்ந்திருக்கிறார்கள், பிரிகிறார்கள், ஒருவர் இறக்கிறார் என்ற நான்கில் எது என்று. இதுவே கதையை உடைப்பதாகும் என்று சிலர் வாதிடுவார்கள். தன்பாலீர்ப்புக் கதைகளில் அந்த வாதம் நிற்காது. பல ஆண்டுகள் இத்தகைய மாந்தர்கள் கடைசியில் சாவதையும் கைவிடப்படுவதையுமே படித்துச் சலித்த வாசகர்கள் இருக்கிறார்கள். "சேர்ந்துதான் வாழ்றாங்க" என்ற உறுதி இருந்தால்தான் அவர்கள் முதல் பக்கத்தையே திறப்பார்கள். சோகத்தில் முடியும் நல்ல கதையும் உண்டு. அதை ஒளிக்காமல் சொன்னால், அதற்கான மனநிலையில் இருக்கும் நாளில் எடுத்துப் படிப்பார்கள்.

கதைச் சுருக்கத்துக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். முதல் கால்வாசியில் நடப்பதைச் சொல்லலாம், அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டாம். இருபது அத்தியாயக் கதையென்றால் ஐந்தோடு நிறுத்துங்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தொடர்கதைக்குப் பொருந்துவதில்லை. எழுதப் பழகிக்கொண்டே எழுதுபவர்கள் ஆதலால் முதல் அத்தியாயமே பெரும்பாலும் பலவீனமானது. எத்தனையாவது அத்தியாயம் வரை பொறுமை வேண்டும் என்று சொல்வது எழுதியவருக்கும் வாசகருக்கும் செய்யும் நன்மை.

ஒரு மாதிரி

இல்லாத ஒரு கதை இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதிப் பார்ப்போம்.

"பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதும் 28 வயதுக்காரருக்கும், ராயக்கோட்டையிலிருந்து சரக்கு ஏற்றும் 31 வயது லாரி ஓட்டுநருக்கும் மெல்ல மெல்ல வளரும் காதல். நடப்பு வாழ்க்கைக் கதை. பிஎல் பாணி இல்லை. 34 அத்தியாயம் வந்திருக்கிறது, 50-இல் முடிப்பதாக எழுதுபவர் சொல்லியிருக்கிறார். ஞாயிறுதோறும் வருகிறது, 21-க்கும் 22-க்கும் நடுவே நான்கு மாத இடைவெளி விழுந்தது. அத்தியாயம் சுமார் 1,800 சொல். முதல் மூன்றில் மண்டிக் கணக்கு கொஞ்சம் அதிகம், நான்காவதில் வேகம் பிடிக்கிறது. காட்சிகள் கதவு மூடியதும் முடிந்துவிடும். 12, 13-இல் வீட்டார் அடிக்கிறார்கள். 26-இல் கட்டாய நிச்சயதார்த்தம். வசனம் தருமபுரி வழக்கு, ஓட்டுநரின் அம்மா தெலுங்கு கலந்து பேசுகிறார். திருப்பத்துக்கு மேல் திருப்பம் வேண்டுபவருக்குப் பிடிக்காது. வந்தவரை முழுதும் படித்துவிட்டு எழுதுகிறேன்."

இதோடு தலைப்பு, புனைபெயர், தளம், இன்றைய தேதி. நூறு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. கடைசிக்கு முந்தைய வரியைக் கவனியுங்கள். யாருக்குப் பிடிக்காது என்று சொல்லும் பரிந்துரையைத்தான் வாசகர் நம்புவார். எதுவரை படித்தீர்கள் என்ற வரியும் அப்படியே. பத்து அத்தியாயம் படித்துவிட்டுப் பரிந்துரைப்பதில் தவறில்லை, பத்துதான் படித்தேன் என்று சொல்லிவிட்டால்.

தலைப்பையும் புனைபெயரையும் எழுத்து மாறாமல் எடுத்தெழுதுங்கள். தருமபுரி என்று தேடினால் தர்மபுரி என்று எழுதியது அகப்படாமல் போகலாம். அதே சிக்கல் கதைத் தலைப்புக்கும் வரும். வகைக்குறிச் சொற்களிலும் குழப்பம் உண்டு. தன்பாலீர்ப்பு, தன்பாலின ஈர்ப்பு, ஓரினக் காதல், பால்புதுமையர், நம்பி, கே, பிஎல் என்று ஆளுக்கொரு சொல் போடுகிறார்கள். மேலே சொன்ன உயர் நீதிமன்ற வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் மரியாதையான சொற்களின் தொகுப்பை அரசிதழில் வெளியிட்டும், பழைய கதைகளில் "ஓரினச்சேர்க்கை" என்ற குறியே நிற்கிறது. உறவை உடலுறவாக மட்டும் சுருக்கும் சொல் அது. நாம் எழுதும்போது தவிர்ப்பது நல்லது. ஆனால் தேடும்போது அதையும் போட்டுத் தேடாவிட்டால் பல நல்ல கதைகள் கண்ணில் படாது.

யாரிடம், எந்த வழியில்

பெருநகரத்தைவிட நம் ஊர்களில் இந்தப் பகுதி கனமானது. பேருந்து நிலையத்தில் நின்றால் நான்கு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊர்கள் இவை. "இந்தக் கதை உனக்குப் பிடிக்கும்டா" என்று நாலு பேர் நடுவில் ஒருவரிடம் சொன்னால், கதையைப் பற்றி அல்ல, அவரைப் பற்றி எதையோ சொல்லிவிட்டோம். அவர் வெளியில் சொல்லாததை நாம் சொல்லக் கூடாது. இக்கதைகளைப் படிப்பவர்களில் பெண்களும் திருமணமானவர்களும் பெண்ணை விரும்பும் ஆண்களும் உண்டு. ஒருவர் படிப்பதை வைத்து அவர் யாரென்று நாமே தீர்மானிக்கவும் வேண்டாம். கேட்பவருக்குத் தனியே சொல்வது, கேட்காதவருக்கு வகையைச் சொல்லி "வேணும்னா சொல்லுங்க, பேர் தர்றேன்" என்று விடுவது, இவை இரண்டும் பாதுகாப்பானவை.

கைபேசி வீட்டில் பொதுவாகப் புழங்கும் பொருள். வாட்ஸ்ஆப்பில் இணைப்பை ஒட்டினால் அட்டைப்படமும் தலைப்பும் முன்னோட்டமாக விரிந்து நிற்கும். தங்கையோ அப்பாவோ கைபேசியை எடுத்த நேரத்தில் அது வந்தால் போதும். தலைப்பை மட்டும் எழுத்தாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. ஏஓ3-இல் ஒரு கதையைப் பின்தொடர்ந்தால் புதிய அத்தியாயம் வரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும், அதன் தலைப்பிலேயே கதையின் பெயர் இருக்கும். வாசிப்புக்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) படித்தாலும், பதிவிறக்கிய கோப்பு பதிவிறக்கக் கோப்புறையில் அப்படியே கிடக்கும். ஒரே கூகுள் கணக்கு வீட்டு டேப்லெட்டிலும் ஒத்திசைந்திருந்தால் தேடிய வரலாறு அங்கேயும் வரலாம்.

தளங்களிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வாட்பேடில் நூலகம் உங்களுக்கு மட்டும் தெரியும், வாசிப்புப் பட்டியலோ உங்கள் பக்கத்துக்கு வரும் எவருக்கும் தெரியும். ஏஓ3-இல் கதையைக் குறித்து வைத்தால் அது பொதுவில் தெரியும். "தனிப்பட்டது" என்ற பெட்டியைத் தட்டினால்தான் மறையும். பரிந்துரை என்று குறிக்கும் பெட்டியும் அங்கேயே இருக்கிறது, குறிப்பு எழுத இடமும் உண்டு. வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ந்தால் கைபேசி எண் அத்தனை பேருக்கும் தெரியும், எண்ணிலிருந்து பெயருக்குப் போக ஒரு நிமிடம் ஆகாது. தெரியாதவர்களோடு கதை பேச, எண்ணை மறைக்க முடிகிற செயலியும் புனைபெயரும் வேண்டும்.

எழுதியவரின் பக்கம்

வாசகருக்கு இருக்கும் அதே ஆபத்து எழுதுபவருக்கும் இருக்கிறது, பல மடங்கு கூடுதலாக. கதையில் வரும் தெரு, கல்லூரி, மாங்கூழ் ஆலை எதுவென்று கண்டுபிடித்து "இது காவேரிப்பட்டணம்தானே, இவர் அங்கத்திக்காரர்தானே" என்று எழுதுவது ஆர்வத்தில் செய்வதாக இருக்கலாம். அதுவே அவர் எழுதுவதை நிறுத்தக் காரணமாகிவிடும். புனைபெயரை மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் தெரிந்தாலும் சொல்லாதீர்கள்.

கதையை நகலெடுத்துக் கோப்பாகச் சுற்றில் விடுவது பரிந்துரை ஆகாது. பதிப்புரிமைச் சட்டம், 1957 புனைபெயரில் எழுதியவருக்கும் பொருந்தும். வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. மதிப்புரைக்காக ஓரிரு வரி எடுத்தாள்வதைச் சட்டம் அனுமதிக்கிறது, முழு அத்தியாயத்தை ஒட்டுவதை அல்ல. சட்டத்தைவிட நேரடியான காரணம் ஒன்றும் இருக்கிறது. கோப்பில் படிப்பவரின் வருகை தளத்தில் பதிவாகாது. முப்பது பேர் படித்தும் எண்ணிக்கை மூன்று என்று காட்டினால், யாரும் படிக்கவில்லை என்று நினைத்து அவர் நிறுத்திவிடுவார். வாசகர் கருத்து ஒன்றுதான் அவருக்குக் கூலி. "அடுத்தது எப்ப?" என்று மட்டும் எழுதாமல், எந்த இடம் பிடித்தது என்று ஒரு வரி எழுதச் சொல்லி, பரிந்துரையோடு சேர்த்தே அனுப்புங்கள்.

சட்டத்தின் எல்லைகள்

வயதுவந்த இருவர் விருப்பத்தோடு கொள்ளும் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அத்தகைய காதலைப் பற்றிய கதையைப் பரிந்துரைப்பதிலும் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 67, 67ஏ பிரிவுகள் ஆபாசமானவற்றையும் பாலியல் வெளிப்படையானவற்றையும் மின்வழியில் வெளியிடுவது, அனுப்புவது பற்றியவை. ஆண்-பெண் கதைக்கும் இதே சட்டம்தான். ஆகவே வெளிப்படையான பத்திகளைக் குழுக்களில் ஒட்ட வேண்டாம். தலைப்பும் வயதுக் குறிப்பும் போதும்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்ட மாந்தர்களைப் பாலியலாகக் காட்டும் கதையை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் பரிந்துரைக்கக் கூடாது. 67பி பிரிவு எழுத்தையும் சேர்த்தே சொல்கிறது, முதல் முறைக்கே 5 ஆண்டுவரை சிறையும் 10 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் கூடாது. பள்ளிப் பிள்ளை ஒருவர் தன்னைப் போன்றவரின் கதை வேண்டும் என்று கேட்டால், பாலுறவுக் காட்சியே இல்லாத, அச்சமூட்டாத கதையாகத் தேர்ந்து சொல்லுங்கள். அப்படிப்பட்டவை உண்டு. தேட நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

பழைய பரிந்துரையைத் திருத்துவது

அச்சுப் புத்தகத்தைப் பற்றி ஒருமுறை சொன்னால் வேலை முடிந்தது. தொடர்கதை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் நீங்கள் சொன்ன கதைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். முடிந்துவிட்டால் முடிந்தது என்று திருத்துங்கள். நின்ற தொடர் மறுபடி தொடங்கியிருந்தால் முன்பு கேட்டவர்களுக்குச் சொல்லுங்கள், அதற்காகவே காத்திருப்பவர் இருப்பார். புனைபெயர் மாறியிருந்தால் புதுப்பெயரைச் சேர்ப்பதற்கு முன், எழுதியவரே அந்த மாற்றத்தைப் பொதுவில் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால் இரண்டு பெயரையும் இணைக்காதீர்கள். கதையே நீக்கப்பட்டிருந்தால் பரிந்துரையையும் எடுத்துவிடுங்கள். உங்கள் கைபேசியில் ஒரு படி கிடந்தாலும் அதைக் கேட்பவருக்கு அனுப்ப வேண்டாம். எழுதியவர் ஏன் எடுத்தார் என்பது நமக்குத் தெரியாது. பெண் பார்க்கும் பேச்சு வீட்டில் தொடங்கியிருக்கலாம், அலுவலகத்தில் யாரோ கண்டுபிடித்திருக்கலாம். அவர் மறுபடி ஏற்றும் நாளில் தலைப்பும் தேதியும் போட்டு, புதிதாக எழுதிக்கொள்ளலாம்.